பார்த்தது மட்டும்

வக்கீல் தட்சணாமூர்த்தியை அந்தோணியம்மாள் வீட்டில் ‘நம்ம வக்கீல்’ என்றுதான் சொல்வார்கள். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அந்தத் தெருவில் வேறு யாருக்கும் வக்கீல் என்று ஒருவர் இருந்ததில்லை. உப்பு வாருகிறவர்களுக்கு வக்கீல் எதற்கு? இவளுக்கு வாய்த்ததற்குக் காரணம் தங்கை சின்னப்பாப்பாவின் சாவு.

சின்னப்பாப்பாவை அவள் புருஷன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டான். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிப்போய்க் கதவை இடித்தவள் அந்தோணியம்மாள். கேஸ் திண்டிவனம் கோர்ட்டுக்கு வந்தபோது தட்சணாமூர்த்தி அங்கே அரசு வக்கீல். வானூர்ப் பக்கத்தில் மல்லாட்டைக் கடலையும் சவுக்கும் போடும் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். நெடுநெடுவென்று உயரம், குரல் மட்டும் யாரிடமோ ரகசியம் சொல்வதுபோல மெல்லியது. சாட்சி சொல்ல வந்தவளை மரத்தடியில் உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்தார்.

“பாத்ததைப் பாத்தேன்னு சொல்லும்மா. பாக்காததைப் பாக்கலன்னு சொல்லு. மீதியை நான் பாத்துக்கறேன்.”

அவள் அப்படியே சொன்னாள். அவன் நெருப்பு வைத்ததைப் பார்த்தாயா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். பார்க்கவில்லை, கதவு சாத்தியிருந்தது என்றாள். ஆனால் கதவைத் திறந்துகொண்டு அவன் வெளியே வந்தபோது அவன் கைகளில் மண்ணெண்ணெய் வாடை அடித்ததையும், தண்ணீர்க் குடத்தை எடுக்கப் போனவளை அவன் தடுத்ததையும் சொன்னாள். தட்சணாமூர்த்தி ஜட்ஜுவிடம் அந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வாதாடினார். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்கிற பெண்பிள்ளை பார்த்தேன் என்று சொன்னால் அதை நம்பலாம் என்றார். அவனுக்குத் தண்டனை ஆனது. அந்தோணியம்மாள் நெத்திலிக் கருவாடு ஒரு பை நிறையக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு தெருவில் யார் வீட்டில் சண்டை வந்தாலும், “நம்ம வக்கீலு கிட்ட போனா எல்லாம் சரியாயிடும்” என்பாள். போனதில்லை. போக வேண்டி வரவுமில்லை.

இடையில் ஆட்சி மாறியது. ஆட்சி மாறினால் அரசு வக்கீலும் மாறுவார் என்பது அவளுக்குத் தெரியாது. தட்சணாமூர்த்தி ஒரு காலைப்பொழுதில் பதவியை இழந்தார். கொஞ்ச நாள் அவருடைய ஆபீசில் ஈ ஓட்டினார் என்று ஊரில் பேச்சு. அப்புறம் அவரைத் தேடி முதலில் வந்தது யார் தெரியுமா? அவர் ஜெயிலுக்கு அனுப்பிய ஒருவனுடைய அண்ணன். தன் தம்பியை உள்ளே தள்ளின வாய்க்கு எவ்வளவு பலம் என்று அவனுக்குத்தான் தெரிந்திருந்தது. தன்மேல் வந்த கேஸை அதே வாயில் கொடுத்தான், விடுதலையும் ஆனான். அதிலிருந்து கூட்டம் வந்தது. போலீஸ் எதை எங்கே சேர்த்து எழுதுவார்கள், எந்த மகஜரில் யார் கையெழுத்தைப் பின்னால் வாங்குவார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கம் இருந்து பார்த்த ஆளுக்குத் தெரியாதா? சில வருஷத்தில், கொலைக்கேஸ் என்றால் தட்சணாமூர்த்தி என்று திண்டிவனத்திலிருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் பேர் ஆகிவிட்டது. கோர்ட்டுக்கு எதிரே மாடி வீடு கட்டினார். உப்பளத்துத் தெருவுக்கு இந்தச் சேதிகள் எதுவும் வந்து சேரவில்லை.

சித்திரை மாசத்து வெயிலில்தான் உப்பு நன்றாகப் பூக்கும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்தும், கால் வெடிப்புக்குள் உப்புத்தண்ணீர் இறங்கித் தீயாய் எரியும். அதனால் விடிவதற்கு முன்பே வேலைக்கு இறங்கிவிடுவார்கள். அந்தோணியம்மாளும் மகன் ஜெயப்பிரகாஷும் வெங்கடாசலத்தின் உப்பளத்தில் வேலை செய்தார்கள். மருமகள் ஜான்சி பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருவாள்.

அந்தப் பக்கம் மோட்டார் கொட்டகைகளில் தாமிரக் கம்பி திருட்டு அதிகமாகியிருந்தது. வெங்கடாசலத்தின் கொட்டகையில் இரண்டு தடவை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் கொட்டகையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வெறும் கம்பியைக் கட்டி, ராத்திரியில் அதில் கரண்டு விட்டான். காலையில் ஆள் இறங்குவதற்கு முன் மேஸ்திரி வந்து நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கம்பி கட்டிய மறுநாள் காலையிலேயே மேஸ்திரி நிறுத்தவில்லை. உப்பு இழுக்கிற வாருபலகை கொட்டகைக்குள் இருந்தது. அதை எடுக்க முன்னால் போன ஜெயப்பிரகாஷ் கம்பியில் விழுந்தான்.

வரப்பில் பின்னால் வந்துகொண்டிருந்த அந்தோணியம்மாள் மகன் விழுந்ததைப் பார்த்தாள். மேஸ்திரி ஓடிவந்து சுவிட்சை அணைத்ததைப் பார்த்தாள். மூங்கில் கழியால் மகனைத் தள்ளி எடுத்ததையும், போலீஸ் வருவதற்குள் மேஸ்திரி கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனதையும் பார்த்தாள். மகனுடைய கால்சட்டையில் ஈர உப்பு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மோட்டார் ஒயரில் கசிவு, தெய்வச்செயல் என்றான் வெங்கடாசலம். ஆனால் முந்தின சாயந்தரம் அவன் தன் கையாலேயே கம்பியை இழுத்துக் கட்டி லைனைக் கொடுத்ததைத் தனக்கோடி பார்த்திருந்தான். அதே உப்பளத்தில் வேலை செய்கிறவன், ஜெயப்பிரகாஷின் கூட்டாளி. ஆத்திரத்தில் அவன் போலீசிடம் அதைச் சொல்லிவிட, வெங்கடாசலத்தின்மேல் பெரிய கேஸாகவே பதிவானது.

அடக்கம் முடிந்த கையோடு அந்தோணியம்மாள் ஜான்சியைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனாள். மாடி வீட்டைப் பார்த்து இதுதானா என்று சந்தேகப்பட்டு நின்றாள். உள்ளே ஆட்கள் நிறைய இருந்தார்கள். தட்சணாமூர்த்தி அவளைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டு எழுந்து வந்தார். தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. அவளை உட்காரச் சொல்லிப் பையனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவள் மகன் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்ததும் அவர் முகம் மாறியது. கையைக் காட்டி நிறுத்தினார்.

“அம்மா, எதுவும் சொல்லாதீங்க. என்கிட்ட சொல்லாதீங்க. நான் வெங்கடாசலத்துக்கு வக்காலத்து போட்டுட்டேன்.”

அவளுக்குப் புரியவில்லை. ஜான்சிக்குப் புரிந்துவிட்டது, எழுந்துவிட்டாள்.

“நீங்க நம்ம வக்கீலாச்சே சார்,” என்றாள் அந்தோணியம்மாள்.

பையன் கொண்டுவந்த தண்ணீரை அவர் அவள் பக்கம் நகர்த்தினார். “நான் அப்பவும் உங்க வக்கீல் இல்லம்மா. கவர்மென்ட்டு வக்கீலு. உங்களுக்கு இப்பவும் ஒரு கவர்மென்ட்டு வக்கீல் இருக்காங்க, கீதாஞ்சலின்னு. நல்ல பொண்ணு. அவங்களைப் பாருங்க.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தோணியம்மாள், அவருக்கு விஷயம் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருப்பார், தெரிந்தால் விட்டுவிடுவார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கேஸ் விசாரணைக்கு வருவதற்குள் உப்பளம் இரண்டு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டது. மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் முழுகிக் கழுவெளி ஏரியோடு ஒன்றாகக் கிடக்கும். யாருக்கும் வேலை இருக்காது. அந்த வீட்டில் ரேஷன் அரிசிச் சோறும், கிடைத்த நாளில் மடவைமீன் குழம்பும், கிடைக்காத நாளில் கருவாட்டுத் தலையைப் போட்டுக் கொதிக்கவைத்த புளித்தண்ணீரும்தான். வெங்கடாசலம் ஆளனுப்பிச் சமாதானம் பேசினான். ஜான்சி அந்த ஆளை வாசல் ஏற விடவில்லை. மாமியாரும் மருமகளும் வேறொருவர் உப்பளத்தில் வேலைக்குப் போனார்கள். அது கால்வாய்க்கு அந்தப் பக்கம், போய்வர வெகுதூரம். ராத்திரியில் ஒருத்தி காலுக்கு ஒருத்தி தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். அந்த நாட்களில் அவர்கள் இருவரையும் பார்த்தவர்கள் தாயும் மகளும் என்றுதான் சொல்வார்கள்.

சாட்சி விசாரணையில் தனக்கோடி கூண்டில் ஏறி, தான் எதையும் பார்க்கவில்லை, போலீஸ் மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவன் பெண்டாட்டியும் வெங்கடாசலத்திடம்தான் வேலை செய்தாள். அவர்கள் குடியிருந்த வீடும் அவனுடையது. மேஸ்திரி ஊரிலேயே இல்லை. மீதி இருந்தது அந்தோணியம்மாள் ஒருத்திதான்.

அவளுடைய வாக்குமூலத்தைக் கீதாஞ்சலி படித்துக் காட்டினாள். மகன் விழுந்தது, கம்பியைச் சுருட்டியது எல்லாம் சரியாக இருந்தது. அதோடு, முந்தின நாள் சாயந்தரம் வெங்கடாசலம் கம்பி கட்டியதை நான் பார்த்தேன் என்று ஒரு வரியும் இருந்தது. எழுதிய போலீஸ்காரர் கேஸ் நிற்க வேண்டுமே என்று சேர்த்திருந்தார். இது நான் சொன்னதில்லையே என்றாள் அந்தோணியம்மாள். கீதாஞ்சலி தாளை மூடி வைத்துவிட்டு, நாளைக்கு நீங்க என்ன சொல்லணுமோ அதைச் சொல்லுங்க, நான் எதையும் சொல்லச் சொல்ல மாட்டேன் என்றாள். ஆனால் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கம்பிக்கும் வெங்கடாசலத்துக்கும் முடிச்சுப் போட வேறு வழியில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

அன்று சாயந்தரம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பிள்ளைக்கு மட்டும் கடையில் இட்லி வாங்கிக் கொடுத்துத் தூங்க வைத்தார்கள். ஜான்சி மாமியாருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அத்த, நீ ஒண்ணும் நடக்காததைச் சொல்லப் போறதில்ல. நடந்ததைத்தான் சொல்லப் போற. பாத்தது வேற ஆளு, அவ்ளோதான்.”

“நான் பாக்கலியேடி.”

“தனக்கோடி பாத்தான். பாத்தவன் பாக்கலன்னு சொல்லிட்டான். அப்ப பாக்காதவ பாத்தேன்னு சொன்னா கணக்கு நேராயிடும். அவன் பொய்யாலதான கேஸு போவுது, உன் பொய்யால நிக்கட்டும்.”

“பைபிளைத் தொட்டுச் சொல்லச் சொல்வாங்க.”

“எனக்கு அந்தப் பாவம் வரட்டும்னு வேண்டிக்கறேன் அத்த. உன் புள்ளைக்கு வேற யாரு இருக்காங்க, சொல்லு.”

இதற்குப் பிறகு அந்தோணியம்மாள் மறுக்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அந்த ஒரு வரியை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். சாயந்தரம், கொட்டகை, முதலாளி, கம்பி. சொல்லச் சொல்ல அது அவளுக்கே பார்த்தது போல ஆகிக்கொண்டு வந்தது.

மறுநாள் கூண்டில் அவள் தடுமாறவில்லை. கீதாஞ்சலி கேட்கக் கேட்கப் பதில் சொன்னாள். “மொத நாள் சாயந்தரம் மொதலாளிதான் அவரு கையால கம்பி கட்டினாருங்க. நான் பாத்தேன்.” பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜான்சி மூச்சை விட்டாள். வெங்கடாசலம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

தட்சணாமூர்த்தி எழுந்தார். கையில் தாள் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் நீ எங்கே நின்றாய், எவ்வளவு தூரம், வெளிச்சம் இருந்ததா என்று குடைந்து எடுக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து, அந்தப் பழைய மரத்தடிக் குரலில் கேட்டார்.

“அம்மா, என்னைத் தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“உங்க தங்கச்சி கேசுல இதே மாதிரி கூண்டுல நின்னீங்க. நெருப்பு வெச்சதைப் பாத்தீங்களான்னு கேட்டாங்க. அன்னிக்கு என்ன சொன்னீங்க?”

கீதாஞ்சலி எழுந்து, இந்தக் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள். ஜட்ஜு சுருக்கமாகக் கேளுங்கள் என்று அனுமதித்தார்.

“பாக்கலன்னு சொன்னேங்க.”

“பாத்தேன்னு சொல்லியிருக்கலாமே. கூடப்பொறந்த தங்கச்சி. ஏன் சொல்லல?”

அந்தோணியம்மாள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். “பாக்கலீங்க. அதான்.”

“இப்ப சொல்லுங்கம்மா. வெங்கடாசலம் கம்பி கட்டினதை நீங்க பாத்தீங்களா?”

அவள் ஜான்சி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பவேயில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை செத்த காலத்தில் அவளை மனுஷியாக மதித்துக் காபி வாங்கிக் கொடுத்த முகம். அதில் அதட்டல் இல்லை, கேலி இல்லை. அவள் என்ன சொல்வாள் என்று அந்த முகத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. ஜட்ஜு, பதிலை உரக்கச் சொல்லுங்கம்மா என்றார்.

“பாக்கலீங்க,” என்றாள். பிறகு அவசரமாக, “ஆனா அவருதாங்க கட்டினாரு. ஊருக்கே தெரியும்,” என்றாள்.

“இதுக்கு மேல கேள்வி இல்லைங்க ஐயா,” என்று தட்சணாமூர்த்தி போய் உட்கார்ந்தார்.

வராந்தாவில் ஜான்சியைக் காணவில்லை. அந்தோணியம்மாள் தூணோரம் தனியாக நின்றாள். வேறு கோர்ட்டுக்குப் போகிற அவசரத்தில் வெளியே வந்த தட்சணாமூர்த்தி அவளைப் பார்த்து நின்றார். கூட வந்த ஜூனியர்களை முன்னால் போகச் சொன்னார். ஏதோ சொல்ல வந்தவரை முந்திக்கொண்டு அவள் கேட்டாள்.

“சார், அவன் கட்டினானா இல்லியா?”

“அதை நான் அவர்கிட்ட கேட்டதில்லம்மா.”

“கேக்கவே இல்லியா?”

“கேட்டா எப்படி வாதாடறது? அரசு வக்கீலா இருந்தப்பவும் போலீஸ்காரங்களை நான் கேட்டதில்ல. கொடுத்ததை வெச்சுப் பேசுவேன்.” தோளில் சரிந்த கவுனை ஏற்றிவிட்டுக்கொண்டார். “எத்தனையோ வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். நூத்துக்கணக்குல சாட்சி விசாரிச்சிருக்கேன். உங்க ஒருத்தர்கிட்டதான் இப்படிக் கேக்க முடியும்னு எனக்குத் தெரியும்.”

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அங்கே நிற்க முடியாமல் போய்விட்டார்.

வெங்கடாசலம் விடுதலையானான். உப்பளத்தில் வெடி வெடித்தார்கள். அந்த வாரமே ஜான்சி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொம்மையார்பாளையத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. ஜெயப்பிரகாஷின் இரண்டு சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். மேல்கோர்ட்டுக்குப் போகலாம், அரசாங்கமே அப்பீல் செய்ய மனுக் கொடுங்கள் என்று கீதாஞ்சலி சொல்ல, ஜான்சி மனு கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குள் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. கீதாஞ்சலிக்குப் பதவி போனது. தட்சணாமூர்த்தி மறுபடியும் அரசு வக்கீல் ஆனார். முன்பைவிடப் பெரிய பதவி. அவருக்குச் சால்வை போடப் போனவர்களில் வெங்கடாசலமும் இருந்தான். அப்பீல் செய்யலாமா என்று கருத்துக் கேட்டு அந்தக் கேஸ் கட்டு அவர் மேஜைக்கே வந்தது. எதிரி வெங்கடாசலத்துக்காக ஆஜரானவன் நான், நான் கருத்துச் சொல்வது முறையல்ல என்று எழுதி வேறொருவருக்கு அனுப்பிவைத்தார். சட்டப்படி அதுதான் சரி. கட்டு அந்த வேறொருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், கெடு தாண்டிப்போனது. அந்தோணியம்மாளுக்கு இதெல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும்.

மறுவருஷம் உப்பு வேலை தொடங்கியபோது தனக்கோடி அவள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். முதலாளி கூப்பிட்டு அனுப்பினார் என்றான். குவித்துவைத்த அம்பாரத்திலிருந்து உப்பு ஏற்றும்போது லாரிக்காரன் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். பொய் சொல்லாத மனுஷி, அவளை வரச்சொல் என்று சொன்னாராம்.

அந்தோணியம்மாள் முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “நீ அன்னிக்கு இன்னா பாத்த தனக்கோடி? எனக்குச் சொல்லு.”

“இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?”

“கோர்ட்டு இல்ல, போலீஸ் இல்ல. எனக்கு மட்டும் சொல்லு.”

அவன் தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். வெங்கடாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து கம்பியை இழுத்ததை, குறடு கேட்டு இவனைக் கூப்பிட்டதை, இவனே கொட்டகைக்குள்ளிருந்து குறடு எடுத்துக் கொடுத்ததை. ஆள் யாராச்சும் மாட்டிக்கப் போறாங்க முதலாளி என்று இவன் சொன்னானாம். மாட்டினா திருட்டுப் பயதான் மாட்டுவான் என்று வெங்கடாசலம் சொன்னானாம். குறடு எடுத்துக் கொடுத்ததைப் போலீசிடம்கூடச் சொல்லவில்லை என்றான். சொல்லிவிட்டு முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நான் பொய் சொன்னேன், நீ நெசம் சொன்ன. ரெண்டு பேரையும் அவன்தான்க்கா வேலைக்குக் கூப்புடறான்,” என்றான்.

வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அவனை அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் பஸ் ஏறிப் பொம்மையார்பாளையம் போனாள். ஜான்சி ரோட்டோரத்து விடுதி ஒன்றில் துணி துவைக்கிற வேலையில் இருந்தாள். பின்பக்கத்து சிமெண்டுத் தொட்டியில் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தவள் மாமியாரைப் பார்த்தாள். திரும்பிக்கொண்டு அடுத்த விரிப்பை நனைத்தாள்.

அந்தோணியம்மாள் தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்றாள். வழியெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள்.

“ஜான்சி, அவன்தான் கட்டினான். வேட்டியை மடிச்சிக் கட்டிக்கினு குந்திக்கினு கட்டினான். குறடு வாங்கிக் கம்பியை முறுக்கினான். நான் பாத்தேன்டி.”

ஜான்சி விரிப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். கனமான துணி, ஒரு முனை மணலில் புரண்டது. அந்தோணியம்மாள் குனிந்து அந்த முனையை எடுத்தாள். பழக்கத்தில் இரண்டு பேருமாக அதை முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டி நின்றது.

“நீ பாக்கல அத்த,” என்றாள் ஜான்சி. மாமியார் கையிலிருந்த முனையை வாங்கி, விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு, அடுத்த துணியைத் தானே எடுத்து அலச ஆரம்பித்தாள்.